ஓர் இடி, இரண்டு வலி: நரம்பு மண்டலம் வலியைக் கூட்டுவதும் குறைப்பதும்

இரவில் விளக்குப் போடாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது கால் சுண்டுவிரல் கட்டில் காலில் இடிக்கிறது. சுரீரென்று ஒரு வலி. கால் தானாக மேலே வந்துவிடுகிறது. அதோடு முடியவில்லை என்பது நமக்கே தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். ஒரு நொடியில் அடுத்தது வந்து சேர்கிறது. மந்தமாக, எரிச்சலாக, எந்த விரல் என்றே சொல்ல முடியாதபடி பரவி, நெடுநேரம் நிற்கிற வலி.

இடி ஒன்றுதான். செய்தி இரண்டு வழியாகப் போனது. முதல் வலியைக் கொண்டுபோனவை ஏ-டெல்டா இழைகள். மயலின் என்ற கொழுப்புறை மெல்லிசாகச் சுற்றியிருப்பதால் இவற்றில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டாவதைக் கொண்டுபோனவை சி இழைகள். உறை கிடையாது, தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான், வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர். காலாற நடக்கிற ஆளின் வேகம்தான். விரலிலிருந்து தண்டுவடத்துக்குச் சுமார் 1 மீட்டர் தூரம். 15 மீட்டர் வேகத்தில் போகிற செய்திக்கு அது 0.07 நொடி, 1 மீட்டர் வேகத்தில் போவதற்கு முழுதாக ஒரு நொடி. காலில் பட்டால் இரண்டு வலியும் தனித்தனியாகத் தெரிவதும், கன்னத்தில் பட்டால் ஒன்றாகக் கலந்துவிடுவதும் இந்தக் கணக்கால்தான். கன்னத்திலிருந்து மூளைத்தண்டுக்குச் சில அங்குலமே.

காயத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது, இங்கே இழுத்தால் அங்கே மணியடிக்கும் என்று விளக்கியவர் பிரெஞ்சு தத்துவவாதி டெக்கார்ட். அவர் இறந்தபின் 1664இல் அச்சான நூலில், நெருப்பருகே கால் வைத்திருக்கும் ஆளின் படமே இருக்கிறது. இன்றைக்கும் நம்மில் பெரும்பாலோர் மனதில் இருப்பது அந்தப் படம்தான். கயிறு இருப்பது உண்மை. ஆனால் போகிற வழியில் குறைந்தது நான்கு இடங்களில், பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல, ஒரு திருகு இருக்கிறது: நரம்பு முனையில், நரம்பிழையில், தண்டுவடத்தில், மூளையிலிருந்து கீழே இறங்கும் பாதையில். மருந்துக் கடையில் வாங்கும் ஒவ்வொரு வலி மாத்திரையும் இவற்றில் ஒன்றிரண்டைத்தான் திருப்பும். கூடிக் கிடப்பது வேறொரு திருகு என்றால், மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட வயிறும் சிறுநீரகமும் கெடும், வலி நின்ற இடத்திலேயே நிற்கும். 'எத்தனை மாத்திரை போட்டும் கேட்கவில்லை' என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

மிளகாயும் 43 டிகிரியும்

பார்ப்பதற்குக் கண் இருப்பதுபோல வலிக்கென்று தனி உறுப்பு கிடையாது. தோல், எலும்பின் மேலுறை, மூட்டு, பல்லின் உட்கூழ் இங்கெல்லாம் கிளை பிரிந்து மொட்டையாக முடிகிற நரம்பு முனைகளே வலியின் காவலாளிகள். தீங்கை உணர்பவை என்ற பொருளில் இவற்றுக்கு நோசிசெப்டார் என்று 1906இல் பெயர் வைத்தவர் ஆங்கில உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன். சில இடங்களுக்குக் காவலே இல்லை. மூளைத் திசுவில் இல்லை, ஆகவேதான் நோயாளியை விழிப்பாக வைத்துப் பேசிக்கொண்டே மூளையில் அறுவை செய்ய முடிகிறது. கல்லீரலின் உட்பகுதியிலும் இல்லை, அதன் மேலுறை இழுபடும்வரை கட்டி வளர்வது தெரியாது. குடலை வெட்டினால் வலிக்காது, ஊதினால் தாங்க முடியாது.

இந்த முனைகளின் சவ்வில் சிறுசிறு கதவுகள் இருக்கின்றன. கதவு என்பது ஒரு புரதம். தக்க தூண்டல் வந்தால் திறந்து, மின்னேற்றம் கொண்ட அயனிகளை உள்ளே விடும். இவற்றில் பேர்போனது டிஆர்பிவி1. கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் இதைப் பிடித்த விதம் எளிமையானது: வலி நரம்புகளில் வேலை செய்யும் மரபணுக்களைச் சிறு தொகுதிகளாக எடுத்து, வலி நரம்பல்லாத செல்களுக்குள் செலுத்தி, மேலே கேப்சைசின் ஊற்றிப் பார்த்தார்கள். கேப்சைசின் என்பது மிளகாயின் காரம். எந்தச் செல் துடித்ததோ அதற்குள் போன மரபணுவே காரத்தின் கதவு. அதே கதவு சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் திறந்தது. தோசைக்கல்லும் பச்சை மிளகாயும் தட்டுவது ஒரே கதவைத்தான். நெருப்புச் சுட்டாலும் 'எரியுது', மிளகாய் பட்டாலும் 'எரியுது' என்று தமிழில் சொல்கிறோமே, உடலியல்படி அது துல்லியம். காரம் நாக்கின் சுவையே இல்லை, வலி. தொடுவுணர்வின் கதவான பியசோவைக் கண்டறிந்த ஆர்டெம் படபூடியனுடன் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகாய் அரிந்த கையைத் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் ஏன் போவதில்லை என்பதும் இதில் அடங்கும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாயில் என்றால் பால் அல்லது தயிர். இன்னொரு வேடிக்கை: கிளிக்கும் மைனாவுக்கும் மிளகாய் உறைக்காது. பறவைகளின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், காரத்துக்குத் திறக்காது. பாலூட்டிகள் விதையை மென்று பொடிக்கும், பறவைகள் முழுசாக எச்சத்தில் போட்டுப் பரப்பும். செடிக்கு யார் தேவை என்பது வெளிப்படை.

பக்கத்திலேயே வேறு கதவுகளும் உண்டு. டிஆர்பிஎம்8 குளிர்ச்சிக்கும் புதினாவின் மெந்தாலுக்கும் திறக்கும். டிஆர்பிஏ1 கடுகின் நெடிக்குத் திறக்கும். தலைவலித் தைலத்தின் வேலையில் பெரும்பகுதி இந்தக் கதவுகளைத் தட்டுவதுதான். தைலம் 'உள்ளே இறங்கி' எலும்பைத் தொடுவதாக நினைத்துக்கொண்டு அழுத்தித் தேய்ப்பதில் பயனில்லை. ஆனால் தேய்ப்பதற்கே ஒரு பயன் உண்டு, அது பின்னால் வரும்.

இழையில் ஓடும் மின்சாரம்

கதவு திறந்ததால் மட்டும் செய்தி போய்விடாது. முனையில் உண்டான சிறு மின்மாற்றத்தைப் பெருக்கி ஓடவிட சோடியம் கதவுகள் வேண்டும். இவற்றில் ஒன்பது வகை. வலி நரம்பில் முக்கியமானவை என்ஏவி1.7, என்ஏவி1.8. முதலாவது சின்ன அதிர்வைப் பெரிதாக்கும், இரண்டாவது துடிப்பை எழுப்பும்.

வட பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், கனலில் நடப்பான். வலி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. ஆய்வாளர்கள் அவனைப் பார்க்கும் முன்பே, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனோடு உறவுள்ள குடும்பங்களில் இதேபோல் இருந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, என்ஏவி1.7க்கான மரபணு பழுதானதே காரணம் என்று காட்டியது. அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு நுனியும் உதடும் கடிபட்டுச் சிதைந்திருந்தன, எலும்பு முறிந்தது தெரியாமலேயே நடந்திருந்தார்கள். அதே மரபணு மறுபக்கம் பழுதாகிக் கதவு எளிதில் திறப்பதாக மாறினால் எரித்ரோமெலால்ஜியா என்ற நோய். லேசான வெதுவெதுப்புக்கே பாதம் தீப்பற்றியதுபோல் எரியும், நோயாளி நாள் முழுக்கக் காலைக் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டிருப்பார். ஒரே கதவின் இரண்டு எல்லைகள் இவை.

இதைப் பார்த்ததும் மருந்து நிறுவனங்கள் என்ஏவி1.7ஐ அடைக்கும் மாத்திரைக்குப் பல வருடம் முயன்றன. சரியாக வரவில்லை. 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் அறுவைக்குப் பிந்தையது போன்ற திடீர் வலிக்கு மட்டும். மூளையில் வேலை செய்யாததால் மார்ஃபின் போல் பழக்கமாகும் என்ற அச்சம் இல்லை என்பதே இதில் புதுமை.

பல் மருத்துவர் போடும் லிக்னோகெய்ன் ஊசி பழைய ஆள். எல்லா சோடியம் கதவையும் பாகுபாடில்லாமல் உள்பக்கத்திலிருந்து அடைக்கும். உள்பக்கம் என்பதுதான் சிக்கல். நரம்பின் சவ்வு கொழுப்பாலானது, மின்னேற்றம் இல்லாத மருந்து மூலக்கூறுதான் அதைத் தாண்டும். சாதாரணத் திசுவில், பிஎச் 7.4இல், ஏறக்குறைய கால்பங்கு மூலக்கூறுகள் அந்த நிலையில் இருக்கும். சீழ் கட்டிய இடத்தில் அமிலம் கூடி பிஎச் இறங்குகிறது. தாண்டக்கூடிய பங்கும் பலமடங்கு குறைகிறது. போதாததற்கு அங்கே ரத்த ஓட்டமும் அதிகம், மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். 'இரண்டு ஊசி போட்டும் மரத்துப்போகலியே டாக்டர்' என்று பழுத்த பல்லோடு வந்தவர் சொல்வது பொய்யில்லை. ஆகவேதான் பல்லைச் சுற்றிப் போடாமல், வீக்கத்துக்கு அப்பால் தாடையில் நரம்பு நுழையும் இடத்தில் போடுகிறார்கள். அல்லது சில நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தோ சீழை வடித்தோ பிறகு கைவைக்கிறார்கள்.

வீங்கிய இடம் ஏன் தொட்டாலே வலிக்கிறது

வெயிலில் கருகிய முதுகில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாலே கொதிநீர் பட்டதுபோல் துள்ளுகிறோம். தண்ணீர் 40 டிகிரிகூட இருக்காது. நடந்தது இது: காயம்பட்ட செல்களும் அங்கே கூடிய வெள்ளணுக்களும் பிராடிகைனின், ஹிஸ்டமின், நரம்பு வளர்ச்சிக் காரணி, புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு கஷாயத்தையே காய்ச்சி ஊற்றுகின்றன. நரம்பு முனையில் இவை உட்கார்ந்ததும் டிஆர்பிவி1 கதவின் தாழ்ப்பாள் தளர்கிறது. 43 டிகிரியில் திறந்தது இப்போது உடல் சூட்டுக்கே திறக்கிறது. சோடியம் கதவுகளும் சுறுசுறுப்பாகின்றன. காயம் ஆறும்வரை அந்த இடத்தை நாம் பொத்திப் பாதுகாக்க இது ஏற்பாடு.

ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் கைவைப்பது இங்கேதான். புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ் என்ற நொதியை இவை தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் கிடைத்தது, அந்த மாத்திரை விற்பனைக்கு வந்து எழுபது வருடத்துக்கும் மேலான பிறகு. கவனிக்க வேண்டியது, இவை வலிச் செய்தியை நிறுத்துவதில்லை, தளர்ந்த தாழ்ப்பாளை மறுபடி இறுக்குகின்றன. வீக்கம் இல்லாத இடத்தில் இறுக்குவதற்கு ஒன்றுமில்லை. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவருக்குக் கவசம், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டக் காப்பு. வெறும் வயிற்றில், வாந்திபேதியில் உடல் வற்றியிருக்கும்போது, ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளியிடம், இந்த மாத்திரைகள் செய்யும் கெடுதலுக்குக் காரணம் அதுவே.

பாரசிட்டமால் வேறு சாதி. பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்வது, வீக்கத்தைக் குறைக்காது. வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது மேல்வரம்பு. மெலிந்தவர், மது பழக்கம் உள்ளவர், கல்லீரல் கெட்டவர் என்றால் அதற்கும் கீழேயே நிறுத்த வேண்டும். 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு என்றால் 2.6 கிராம்தானே என்று தோன்றும். கூடவே சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று போடும் கலவை மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பார்க்காமல் போனால் கல்லீரல்தான் விலை கொடுக்கும்.

தண்டுவடத்து வாசல்

கால் தானாக மேலே வந்ததே, அதற்கு மூளையின் அனுமதி கேட்கப்படவில்லை. தண்டுவடமே முடிவெடுத்தது. ஆணி குத்திய காலைத் தூக்கும் அதே கணத்தில் மற்றக் கால் விறைத்து உடம்பைத் தாங்கும் ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது.

வலி இழைகள் தண்டுவடத்தின் பின்கொம்பில், அதாவது உள்ளே முதுகுப் பக்கமாக இருக்கும் பகுதியில், வந்து இறங்கும். அங்கே குளுட்டமேட், பி-பொருள் என்ற ரசாயனங்களை உமிழ்ந்து அடுத்த நரம்பை எழுப்பும். அந்த இரண்டாவது நரம்பு ஒன்றிரண்டு படி ஏறுவதற்குள் தண்டுவடத்தின் குறுக்கே மறுபக்கம் தாண்டிவிடும். தொடுவுணர்வு அப்படிச் செய்யாது, வந்த பக்கமாகவே மேலே ஏறி மூளைத்தண்டில்தான் தாண்டும். கத்திக் குத்தில் தண்டுவடம் பாதி அறுபட்டவருக்கு ஒரு காலில் தொடுவதின் நுணுக்கமும் அசைவும் போய், மற்றக் காலில் வலியும் சூடும் மட்டும் தெரியாமல் போவதன் காரணம் இதுதான்.

பின்கொம்பு வெறும் அஞ்சல் நிலையம் இல்லை என்று 1965இல் சொன்னவர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும். அங்கே ஒரு வாசல் இருக்கிறது என்றார்கள். தடித்த தொடு இழைகளில் செய்தி வந்தால் இடையில் உள்ள தடுப்பு நரம்புகள் விழித்துக்கொண்டு வாசலை ஒருக்களிக்கும், வலிச் செய்தியில் ஒரு பங்கு உள்ளே போகாது. அவர்கள் வரைந்த இணைப்புப் படம் பிற்பாடு பல இடத்தில் திருத்தப்பட்டது, கருத்து நின்றுவிட்டது. இடித்துக்கொண்ட குழந்தையின் காலை அம்மா தேய்த்துவிடுவதும், ஊசி போடும் முன் நர்ஸ் பக்கத்தில் தட்டுவதும், பிசியோதெரபியில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் துடிப்பில் தோலுக்கு லேசான மின்சாரம் தரும் டென்ஸ் கருவியும் இந்த வாசலில்தான் வேலை செய்கின்றன. தேய்ப்பதை நிறுத்தியதும் பலன் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்கொம்பில் இட நெருக்கடியும் உண்டு. உள்ளுறுப்பின் நரம்பும் தோலின் நரம்பும் ஒரே இரண்டாம் நரம்பில் வந்து சேர்கின்றன. மூளைக்கு வாழ்நாள் முழுக்கத் தோலிலிருந்து செய்தி வந்தே பழக்கம், ஆகவே தோல் வலிப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இதயத்து வலி இடது தோளிலும் கையின் உள்பக்கத்திலும் தாடையிலும் தெரிவது இதனால். பித்தப்பைக் கோளாறு உதரவிதானத்தை உறுத்தினால் வலது தோள்பட்டை வலிக்கும். குடல்வாலில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்டபின் வலது அடிவயிற்றில் கூராகக் குத்தும். 'வாயு பிடிச்சிருக்கு' என்று பெருங்காயத் தண்ணீரில் நேரத்தைப் போக்கிய நெஞ்சு வலிகள் நிறைய. நடந்தால் வந்து நின்றால் குறைகிற, வியர்வையோடு வருகிற தாடை வலிக்கும் இடது கை வலிக்கும் முதலில் ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே முறை.

மேலே போனதும், கீழே வருவதும்

தண்டுவடத்திலிருந்து ஏறிய செய்தி மூளையின் நடுவே உள்ள தாலமஸைத் தொட்டுப் பல இடங்களுக்குப் பிரிகிறது. எங்கே, எவ்வளவு என்று சொல்ல ஒரு பகுதி. 'ஐயோ' என்று ஆக்க இன்சுலா, முன் சிங்குலேட் போன்ற வேறு பகுதிகள். வலிக்கென்று ஒற்றை மையம் கிடையாது. சிலவகை மூளைப் பாதிப்பில், 'வலிக்கிறது, தெரிகிறது, ஆனால் அதைப் பற்றி எனக்கொன்றுமில்லை' என்று சிரித்தபடி சொல்லும் நோயாளிகள் உண்டு.

மூளை கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, கீழேயும் ஆணை அனுப்புகிறது. நடுமூளையில் உள்ள பிஏஜி என்ற சாம்பல்நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தே இல்லாமல் எலிக்கு வயிற்றில் அறுவை செய்ய முடிந்ததாக 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் எழுதினார். அங்கிருந்து புறப்படும் பாதை மூளைத்தண்டு வழியாக இறங்கி, செரோடோனின், நாரட்ரினலின் என்ற ரசாயனங்களைக்கொண்டு பின்கொம்பின் வாசலைச் சாத்துகிறது. உடம்பே தயாரிக்கும் ஓபியாய்டுகளும் (அபின் வகைப் பொருள்கள்) இந்தப் பாதையில் உண்டு. முதலில் கிடைத்த என்கெஃபலின்களை 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பிரித்தெடுத்தார்கள். அபினும் மார்ஃபினும் வேலை செய்வது இந்தச் சொந்தச் சரக்குக்கென்று வைத்த பூட்டுகளில்தான்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், பெருங்காயம் பட்டு வந்த படைவீரர்களைக் கேட்டுப் பார்த்தார். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கடும் வலி இருப்பதாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தக் காயம் போர்முனையிலிருந்து உயிரோடு திரும்புவதற்கான சீட்டு என்பது அவருடைய விளக்கம். அதைவிடத் திடமான சான்று 1978இல் வந்தது. கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத ஊசியைப் போட்டால் சிலருக்கு வலி குறைந்தது. ஓபியாய்டு பூட்டை அடைக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அந்தக் குறைவு மறைந்தது. நம்பிக்கையால் குறைந்த வலி கற்பனையில் குறைந்ததல்ல, ரசாயனத்தால் குறைந்தது. மார்ஃபினையே நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் செலுத்தினால் பலன் குறைவாகவும், 'இதோ வலி ஊசி போடுகிறேன்' என்று சொல்லிப் போட்டால் கூடுதலாகவும் இருப்பதும் சோதனையில் தெரிந்ததே. சொல்லிவிட்டுப் போடுவதற்குச் செலவில்லை.

அதே பாதை எதிர்த்திசையிலும் திரும்பும். மூளைத்தண்டில் வாசலைச் சாத்தும் செல்களுக்குப் பக்கத்திலேயே திறக்கும் செல்களும் இருக்கின்றன. தூக்கமின்மை, பயம், 'டிஸ்க் விலகிப்போச்சு, இனி குனியவே கூடாது' என்ற ஒரு வாக்கியம், எல்லாம் அந்தத் திருகைத் திருப்பப் போதும். முதுகு ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐயோ சிடி ஸ்கேனோ எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. நரை போல அதுவும் ஒன்று. சிறுநீர் அடைப்பது, உட்காருமிடம் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, பழைய புற்றுநோய், இவை இருந்தால்தான் ஸ்கேன் அவசரம். மற்றபடி வாரக்கணக்கில் படுக்கை என்பது முதுகு வலிக்குச் செய்யக்கூடிய மோசமான வைத்தியம்.

திருகு மாட்டிக்கொண்டால்

ஊசி முனையால் நொடிக்கொரு தடவை ஒரே அழுத்தத்தில் பத்துமுறை தொட்டால், பத்தாவது முதலாவதைவிட அதிகம் வலிக்கும். அழுத்தம் கூடவில்லை, தண்டுவடம் கூட்டிக்கொண்டே போகிறது. பின்கொம்பு நரம்பில் என்எம்டிஏ என்ற கதவுக்கு மெக்னீசியம் மூடி போட்டிருக்கும். விடாமல் செய்தி வந்தால் மூடி தெறித்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, அந்த நரம்பு சில மணி நேரமோ சில நாளோ எளிதில் துடிக்கும் நிலைக்கு மாறும். மயக்க மருந்தான கெட்டமைன் சிறு அளவில் வலியைக் குறைப்பது இந்தக் கதவை அடைத்துத்தான். காயம் வெளியே ஆறினாலும் தண்டுவடத்தில் மாற்றம் நிலைத்துவிடலாம் என்று 1983இல் காட்டியவர் கிளிஃபோர்ட் வூல்ஃப்.

நிலைத்துவிட்டால் தொடு இழைகளின் செய்தியையும் தண்டுவடம் வலியாக வாசிக்கத் தொடங்கும். அக்கி வந்து கொப்புளம் காய்ந்து மாதங்கள் ஆனபின்னும் அந்த இடத்தில் சட்டைத் துணி உரசினால் உயிர் போகிறதே, அது இது. மூன்று மாதம் தாண்டிய வலியை நாள்பட்டது என்று தனியாக வகைப்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. ஒடிந்த எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரே சுத்தம், ஆனாலும் வலிக்கிறது என்பவரிடம் 'எல்லாம் மனசுல' என்று சொல்வது அறியாமை. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும், திசுச் சேதத்தால் வருவதோடு அதைப் போலவே உணரப்படும் அனுபவத்தையும் வலி என்றே சேர்க்கிறது. இல்லாத காலே வலிக்கலாம். கால் எடுத்தவர்களின் அந்த வலிக்குக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இருக்கும் கை அல்லது காலின் பிம்பத்தை இல்லாததன் இடத்தில் காட்டி, மூளையைச் சமாதானப்படுத்துகிற உத்தி. எல்லோருக்கும் பலிப்பதில்லை.

எந்தத் திருகு என்று கண்டுபிடிக்க முதல் கருவி நோயாளியின் வாய்ச்சொல்தான். தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. விண்விண்ணென்று தெறிப்பது, கடுப்பது, வீங்கி அழுத்தினால் நோவது என்றால் பெரும்பாலும் அழற்சி. எரிச்சல், ஷாக் அடிப்பதுபோல், ஊசி குத்துவதுபோல், எறும்பு ஊர்வதுபோல், மதமதப்பு என்றால் பழுது நரம்பிலேயே இருக்கிறது. பிரான்ஸில் உருவான டிஎன்4 என்ற பத்து மதிப்பெண் சோதனை ஏறக்குறைய இந்தச் சொற்களையே எண்ணுகிறது. 4 வந்தால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம்.

நரம்பு வலியில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரிய பங்கில்லை, டைக்ளோஃபெனாக் போட்டுப் பயனும் இல்லை. இங்கே உதவுபவை வேறு வேலைக்கென்று வந்த மருந்துகள். அமிட்ரிப்டிலினும் டுலாக்செடினும் மனச்சோர்வு மருந்துகள், இறங்கும் பாதையின் நாரட்ரினலினைத் தக்கவைக்கும். கபாபென்டினும் பிரிகாபலினும் வலிப்பு மருந்துகள், நரம்பு நுனியின் கால்சியம் கதவைக் கட்டுப்படுத்திக் குளுட்டமேட் உமிழ்வதைக் குறைக்கும். முகத்தில் மின்னலடிப்பதுபோல் வரும் முப்பிரிவு நரம்பு வலிக்குக் கார்பமசெபின். அதைத் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவது வழக்கம். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட இது மிகக் குறைவு. சீட்டைப் பார்த்து 'எனக்குப் பைத்தியமா' என்று மூன்றாம் நாளே தூக்கிப்போடுகிறவர்கள் அதிகம். பலன் தெரியவே சில வாரம் பிடிக்கும், பக்கவிளைவான வாய் வறட்சியும் தூக்கக் கலக்கமும் முதல் நாளே வந்துவிடும். இந்த வரிசையைச் சொல்லாமல் கொடுத்தால் மருந்து தோற்றுப்போகும்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. இரவில் தீயாய் எரியும், பகலில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாது. பழுதான இழை தானாகவே துடித்து எரிச்சலைக் கிளப்புகிறது, அதன் முனையோ பட்டுப்போய் வெளியிலிருந்து எதையும் உணர்வதில்லை. எரிகிறதே, உணர்ச்சி இருக்கிறது என்று நினைப்பதுதான் ஆபத்து. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில புள்ளிகளில் தொட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டு அதை உணர முடியாதவர், கோடை நண்பகலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை முறையாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனித்துவந்தார். சதை அழுகி விரல் உதிர்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சியில்லாத விரலை அன்றாடம் சுடுவதும் வெட்டுவதும் தேய்ப்பதும்தான் அதைத் தின்றுதீர்க்கிறது என்று அவர் நிறுவினார். பிற்பாடு அமெரிக்காவில், கையுறையில் அழுத்தமானி பொருத்திச் செயற்கை வலி செய்து பார்த்தார். முதலில் பீப் சத்தம் கொடுத்தது. நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. பிறகு மின்னதிர்ச்சி. வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இன்றைக்கும் அதற்கு மாற்று, மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பும் கண்ணும்தான். தினமும் இரவு தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. விரலிடுக்கையும் குதிகால் வெடிப்பையும் பார்ப்பது. போடும் முன் செருப்பைத் தட்டி, உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவுவது. குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல், உணர்ச்சி நன்றாக உள்ள முழங்கையால் பார்ப்பது. ஆணிக்கால் தடிப்பை பிளேடால் தானே சீவாமல் இருப்பது.